கெடிலம் முதல் பெண்ணை வரை: ஒரு சைக்கிள் யாத்திரை

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு மோட்டாரில் போகிறவர்களுக்கு உளுந்தூர்பேட்டை என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? சுங்கச் சாவடி ஒன்று, காப்பி ஹோட்டல்களின் வரிசை ஒன்று, சேலத்துக்குப் பிரியும் சாலை ஒன்று. இம்மூன்றுக்கு மேல் அவ்வூரைப் பற்றி ஏதும் அறியாமலே ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் அதைக் கடந்து பறக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அவசரம் உள்ளவர்கள். அவசரமில்லாதவர்களுக்காகவே நாம் இதை எழுதுகிறோம்.

உளுந்தூர்பேட்டையில் புறப்பட்டு, கெடில நதியைக் கண்டு, பிறகு தென்பெண்ணையின் தென்கரையைப் பற்றிக்கொண்டு திருக்கோவலூர் வரையில் செல்லும் கிராமப் பாதை ஒன்று உண்டு. எல்லாம் சேர்த்து 50, 60 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். பஸ்ஸில் போனால் ஒரு காலைப் பொழுது. சைக்கிளில் போனால் இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் கண்ணுக்கும் காதுக்கும் கிடைப்பது பஸ்ஸில் இருபது முறை போனாலும் கிடைக்காது. அப்பரும் சுந்தரரும் பிறந்த திருமுனைப்பாடி நாடு இதுதான்.

இத்தகைய பிரயாணத்துக்கு இத்தாலி தேசம் பேர் பெற்றது. போ நதி பாயும் சமவெளியிலுள்ள பெர்ராரா என்னும் பழைய நகரத்தைச் சைக்கிள் நகரம் என்றே அழைக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் போ நதியின் வலக்கரையில், வெள்ளம் தடுக்கப் போட்ட கரையின் மீதே சைக்கிள் பாதை ஒன்று 100 கிலோமீட்டருக்கு மேல் கடலை நோக்கிச் செல்கிறது. மிஞ்சோ என்னும் சிற்றாற்றின் ஓரமாக மாந்துவா நகருக்குச் செல்லும் பாதை இன்னொன்று. மாந்துவாவின் அருகே பிறந்தவர் மகாகவி வர்ஜில். உலகெங்கிலுமிருந்து ஜனங்கள் பணம் செலவழித்து அங்கே போய், மெள்ள மெள்ள மிதித்து, ஊருக்கு ஊர் இறங்கி, மணிக்கூண்டையும் மாதா கோயிலையும் பார்த்து வருகிறார்கள். போகட்டும், நல்ல காரியம்தான். ஆனால் நமக்கும் நதி உண்டு, கரை உண்டு, கவியும் உண்டு. சைக்கிளுக்குத்தான் நம்மிடம் பஞ்சமா? 1923-ல் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி வாலிபர்கள் சைக்கிளில் உலகத்தைச் சுற்றக் கிளம்பி, அவர்களில் மூவர் 1928-ல் சுற்றி முடித்துத் திரும்பினார்கள். அந்தத் துணிவில் நூற்றில் ஒரு பங்கு போதும், திருக்கோவலூர் போய்ச் சேரலாம்.

காலம் தை, மாசி. கார்த்திகை வெள்ளம் வடிந்து, ஆற்றில் சிறிது நீரும் கரையில் சிறிது பசுமையும் மிஞ்சியிருக்கும். பங்குனி பிறந்தால் வெயில் தலையைப் பிளந்துவிடும்.

ஊரை ஒட்டியே உளுந்தாண்டார் கோயில். மிளகு மூட்டை ஏற்றிச் சென்ற வியாபாரி ஒருவனிடம் கிழவர் வேடத்தில் வந்த ஈசுவரன் மருந்துக்குக் கொஞ்சம் மிளகு கேட்டாராம். மூட்டையில் இருப்பது உளுந்து என்று அவன் பொய் சொன்னானாம். அப்படியே ஆகட்டும் என்றாராம், மிளகெல்லாம் உளுந்தாயிற்று. ஸ்வாமிக்கு மாஷபுரீசுவரர் என்று பெயர்; மாஷம் என்றால் உளுந்து. வியாபாரிகளுக்குப் பாடமோ இல்லையோ, ஊருக்குப் பெயர் கிடைத்தது.

அங்கிருந்து சேந்தமங்கலம். இன்று இது சிறிய கிராமம். கல்லால் ஆன மதில், ஆபத்ஸகாயேசுவரர் ஆலயம், குளக்கரையில் தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும் கல் குதிரைகள்; இவ்வளவுதான் எஞ்சி நிற்கின்றன. ஆனால் 13-ம் நூற்றாண்டில் இது ஒரு ராஜதானி. காடவர் தலைவனான கோப்பெருஞ்சிங்கன் 1231-ம் ஆண்டை ஒட்டி மூன்றாம் ராஜராஜ சோழனைப் பிடித்து இங்கேதான் சிறை வைத்தான். தஞ்சையில் பெரிய கோயில் எடுத்த ராஜராஜனின் பெயரையே தாங்கிய சக்கரவர்த்தி, ஒரு சிற்றரசனின் கோட்டைக்குள் கைதி! ஹொய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மன் தன் தண்டநாயகர்களான அப்பண்ணனையும் சமுத்திர கோப்பய்யனையும் அனுப்பினான். அவர்கள் வழியிலிருந்த ஊர்களை அழித்துக்கொண்டே வந்து சேந்தமங்கலத்தை நெருங்கிய பிறகு சோழன் விடுதலை பெற்றான். இவ்வளவும் எங்கே எழுதியிருக்கிறது தெரியுமா? இதே கெடிலத்தின் கரையில், கடலூருக்கு அருகிலுள்ள திருவயிந்திரபுரத்துப் பெருமாள் கோயில் சாசனத்தில். ஒரே நதியின் மேற்கரையூரில் நடந்ததை அதன் கீழ்க்கரையூர் ஒன்று கல்லில் காப்பாற்றி வைத்திருக்கிறது.

நாம் மதிலோரம் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்த மாணவிகள் நால்வர் வேடிக்கை பார்த்தார்கள். நால்வருடையதும் ஸர்க்கார் கொடுத்த சைக்கிள்கள். “எங்க போறீங்க சார்?” என்றாள் ஒருத்தி. திருக்கோவலூர் என்றோம். “ஏன் சார், பஸ் இல்லியா?” என்று உண்மையான இரக்கத்துடன் கேட்டாள். சோழ ராஜா சிறையிருந்த ஊர் இது என்று சொன்னதும், “இங்கியா?” என்று நால்வரும் மதிலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள். ஒவ்வொரு நாளும் இருமுறை அந்த மதிலைக் கடந்து போகிறவர்கள்! பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்த தேசம், அதில் ஏறி எங்கே போவது என்பதையும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தால் தேவலை என்று நமக்குத் தோன்றிற்று.

திருநாவலூர்ப் பாதையில் ஒரு கண்டம் இருக்கிறது. அதுதான் தேசிய நெடுஞ்சாலை. நான்கு வரிசையில் இடைவிடாது வரும் வாகனங்களுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே போவதற்குப் பழைய வீரர்களின் நெஞ்சு வேண்டும். மல்லாட்டை மூட்டையைப் பின்னால் கட்டிய கிழவர் ஒருவர் நம்மோடு நின்றார். கால் மணிக்கு மேல் காத்திருந்தோம். “தெனமும் இப்படித்தான்” என்றார். நமக்கு ஒரு நாள் வேடிக்கை. அவருக்கு அது நித்திய கண்டம். கிராமத்துக்கும் அதன் வயலுக்கும் நடுவே சாலை போடுகிறவர்கள், வயலுக்குப் போகிறவன் எதில் போவான் என்று நினைத்துப் பார்ப்பதே இல்லை.

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய குழந்தையை நரசிங்க முனையரையர் கண்டு, பெற்றோரிடம் கேட்டு வாங்கித் தம் அரண்மனையில் வளர்த்தார் என்பது வரலாறு. சக்கரத்தின் மேலுள்ள ஆசை குழந்தைகளுக்கு அன்றும் இன்றும் ஒன்றுதான். பராந்தக சோழனின் குமாரன் ராஜாதித்தன் பெருஞ்சேனையுடன் இங்கே தங்கியிருந்ததால் ஊருக்கு ராஜாதித்தபுரம் என்றும் பெயர் வழங்கிற்று. அவனுடைய மலையாளத்துச் சேனாபதி வெள்ளன் குமரன் 943-ல் பெண்ணைக் கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரில் கல் கோயில் எடுத்தான். ஆறு ஆண்டு கழித்து, 949-ல், தக்கோலத்தில் யானை மேலிருந்தபடியே ராஜாதித்தன் மடிந்தான்.

இங்கிருந்து திருவெண்ணெய்நல்லூர் வரை இருமருங்கும் கரும்பும் சவுக்கும். அறுவடைக் காலமானதால் தார்ச் சாலையின் பாதியில் நெல்லும் உளுந்தும் காய்ந்தன. மீதிப் பாதி கரும்பு டிராக்டருக்கு. நமக்கு ஓரத்து மண்தான், அந்த மண்ணில் சீமைக் கருவேல முள். சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்து, “நாலு எடத்துல போயிருக்கு சார்” என்று அறிவித்தார். ஒட்டி முடிக்கும் வரை ஊர்க்கதை முழுவதையும் கேட்டோம்.

திருவெண்ணெய்நல்லூர் பெண்ணைக்குத் தெற்கே உள்ளது. புத்தூரில் நடந்த கல்யாணத்தை நிறுத்திய கிழ வேதியர், சுந்தரர் தமக்கு அடிமை என்று ஓலை காட்டி வழக்காடியது இவ்வூர்ச் சபையில். வழக்கு நடந்த இடம் என்று ஒரு மண்டபத்தையும் காட்டுகிறார்கள். உமது வீடு எங்கே என்று கேட்டவர்களைக் கிழவர் அழைத்துச் சென்றது திருவருட்டுறைக் கோயிலுக்கு. உள்ளே போனவர் மறைந்தார். கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊர் என்ற புகழும் இதற்கு உண்டு.

அப்பால் பெண்ணையாறு. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கத்தில் தோன்றி, சாத்தனூர் அணையில் தங்கி, கடலூரருகே கடலில் சேரும் இந்த நதி, நாம் கண்டபோது அகன்ற மணற்பரப்பின் நடுவே இரண்டு வாய்க்கால் அளவே ஓடிற்று. இது தானா 2024 டிசம்பரில் அப்படிச் சீறியது? புயல் மழையால் சாத்தனூரிலிருந்து ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, கரையூர்களில் வீடுகள் மூழ்கின. அரசூரில் வெள்ளம் நெடுஞ்சாலையின் மீதே பாய்ந்து சென்னை - திருச்சி போக்குவரத்தை நிறுத்திற்று. அதற்கு முன்னர், 1949-ல் கட்டிய எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. தளவானூரில் சுமார் 25 கோடி ரூபாயில் கட்டிய புதிய தடுப்பணையோ, கட்டி முடித்த சில மாதங்களுக்குள், 2021 ஜனவரியிலேயே உடைந்தது.

கரைமீது சைக்கிளை உருட்டிச் சென்றபோது இவையெல்லாம் மனத்தில் ஓடின. சில இடங்களில் கரை அகலமாய், உறுதியாய் இருக்கிறது. சில இடங்களில் முட்புதர் மூடி, கரை எங்கே ஆறு எங்கே என்று தெரியவில்லை. சில இடங்களில் மணல் வண்டி இறங்கிய தடம் கரையை வெட்டியிருக்கிறது. இத்தாலியர் கரையின் மீதே பாதை போட்டது பிரயாணிகளின் உல்லாசத்துக்காக மட்டும் பயன்படவில்லை. தினமும் நூறு பேர் போகும் கரையில் ஓர் எலி வளை விழுந்தாலும் யாராவது பார்த்துவிடுவார்கள். யாரும் போகாத கரை உடைவது, உடைந்த பிறகுதான் ஊருக்குத் தெரியும். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து திருக்கோவலூர் வரை கரையைச் செப்பனிட்டு, மேலே சைக்கிளுக்கும் நடப்பவனுக்கும் ஒரு பாதை விட்டால், செலவு ஒரு தடுப்பணைக்கு ஆவதில் சிறு பகுதிகூட ஆகாது என்பது நமது துணிபு. மல்லாட்டைக் கிழவருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதலில் பயன்படும். யாத்திரிகர் பின்னால் வரட்டும்.

இரண்டாம் நாள் மாலை திருக்கோவலூர். உலகளந்த பெருமாளையும், முதலாழ்வார் மூவர் மழை இரவில் நெருக்கி நின்ற இடைகழியையும் பற்றி நேயர்கள் அறிவார்கள்; விரித்துரைக்க வேண்டியதில்லை. நாம் அதிக நேரம் நின்றது கீழையூர் வீரட்டானத்துக்கு அருகே, ஆற்றுக்குள் இருக்கும் கபிலர் குன்றின் எதிரில். நண்பன் பாரி மாண்ட பிறகு அவன் மகளிருக்கு வாழ்வு தேடி அலைந்த அந்தணப் புலவர், கடமை முடிந்ததும் இங்கே உயிர் விட்டார் என்பது மரபு. பாரி மகளை மலையனிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததை வீரட்டானத்து ராஜராஜன் காலச் சாசனமே கூறுகிறது. குன்று என்று பெயரே தவிர, ஒரு பெரும் பாறைதான். மேலே சிறு கோயில். எத்தனை வெள்ளம் அதன்மேல் மோதியிருக்கும்!

திரும்புவதற்குப் பாலத்தைக் கடந்து அரகண்டநல்லூர் சென்றால் விழுப்புரம் - காட்பாடி மார்க்கத்து ரயில் நிலையம் இருக்கிறது. சைக்கிளை ஏற்ற எண்ணுகிறவர்கள் ரயில் நேரத்தை முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நலம். ஓரிரண்டு மணி நேரம் மிஞ்சினால் ஒப்பிலாமணீசுவரர் கோயில் பாறையில் ஏறி அமரலாம்; பெண்ணையும் மறுகரையும் அங்கிருந்து நன்றாகத் தெரிகின்றன.