கெலிசா: பண்ணையில் பெருகும் மீனும் ஆற்றில் அருகும் இனமும்

மலாய்மொழியில் ‘கெலிசா’ என்றும் மீன் வணிகத்தில் ‘அரோவானா’ என்றும் வழங்கப்பெறும் ஆசிய அரோவானா, தென்கிழக்காசிய நன்னீர்நிலைகளுக்கு உரிய தொன்மையான இரைகொல்லி மீன். நாக்கிலும் பற்கள் அமைந்திருப்பதால் இது ‘எலும்புநாக்கு மீன்’ குடும்பத்தில் வைத்து எண்ணப்படுகிறது. ஏறத்தாழ 90 செண்டிமீட்டர் வரை வளரக்கூடியது. மேல்நோக்கிய வாயுடன் நீர்ப்பரப்பை ஒட்டி நீந்திப் பூச்சி, தவளை, சிறுமீன் ஆகியவற்றைப் பற்றி உண்ணும். இரைக்காக நீரைவிட்டுத் துள்ளவும் செய்யும்.

ஆற்றோர மக்கள் உணவுக்காகப் பிடித்த இம்மீன், பின்னர் பெருஞ்செல்வர் விரும்பும் காட்சிப் பொருளாயிற்று. நாணயங்களை அடுக்கியது போன்ற பெருஞ்செதில்களும் தாடையில் நீளும் இரு மீசைகளும் சீனர்தம் மரபில் போற்றப்படும் டிராகனை நினைவூட்டுவதே அதற்குக் காரணம். பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா ஏரியின் பொன்னிற வகையும், மேற்குக் கலிமந்தானின் கப்புவாஸ் ஆற்றுச் செந்நிற வகையும் மிகுதியாக நாடப்படுகின்றன.

இனம் அருகியதன் காரணம்

கெண்டை மீன் ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கான முட்டைகளை இட வல்லது. கெலிசாவோ சில பத்து முட்டைகளையே இடுகிறது. இனப்பெருக்கத்திற்குரிய பருவத்தை எட்டவும் அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். முட்டைகளை அடைகாப்பது ஆண் மீனின் பொறுப்பு. அவற்றை வாயினுள் ஏந்தி, குஞ்சுகள் தாமே நீந்தும் வரை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் காக்கிறது. அக்காலத்தில் இரை கொள்வதில்லை.

இத்தகைய மீனைப் பிடித்துக் குஞ்சுகளை எடுத்துக்கொண்டால், அந்த ஆண்டின் ஈட்டு முழுவதும் ஆற்றிலிருந்து நீங்கிவிடும். குறைவாகப் பெற்று மிகுதியாகக் காக்கும் உயிரினங்கள் வேட்டையைத் தாங்கா. இதனுடன், கரிச்சதுப்பு நிலக் காடுகள் அழிக்கப்பட்டதும் நேர்ந்தது. ஆதலின் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இம்மீனை அழிவாபத்தில் உள்ள இனங்களுள் ஒன்றாக வகைப்படுத்தியுள்ளது.

சட்டம் திறந்துவைத்த வழி

அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் ‘சைட்டீஸ்’ ஒப்பந்தம் 1973இல் வாஷிங்டனில் உருவாகி, 1975இல் நடப்புக்கு வந்தது. அதன் முதலாம் பின்னிணைப்பில் கெலிசா இடம்பெற்றதால், காட்டு மீனைப் பன்னாட்டு வணிகத்திற்கு உட்படுத்துவது தடைப்பட்டது. ஆயினும் ஒப்பந்தம் ஒரு விதிவிலக்கையும் வைத்துள்ளது. பதிவுபெற்ற பண்ணையில் பிறந்த மீன்களை, உரிய அனுமதியுடன் விற்கலாம். பண்ணை தன் குளங்களில் இரண்டாம் தலைமுறை வரை ஈன்றெடுக்க வல்லது என்று மெய்ப்பிப்பது இதற்குரிய அளவுகோல். ஆற்றிலிருந்து பிடித்த தாய்மீன்களை மீண்டும் மீண்டும் சார்ந்திருக்கும் பண்ணை, காட்டின் சுமையைக் குறைத்ததாகாது என்பதே இதன் உட்பொருள். எனினும் அமெரிக்கா போன்ற நாடுகள் பண்ணை மீனின் இறக்குமதிக்கும் இடமளிக்கவில்லை.

பண்ணையில் நடப்பது

இன்று சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் இப்பண்ணைகள் இயங்குகின்றன. ஆணையும் பெண்ணையும் புறத்தோற்றத்தால் எளிதில் பிரித்தறிய இயலாது. எனவே, முதிர்ந்த மீன்களைக் கூட்டமாக மண்குளங்களில் விட்டு, அவை தாமே இணை தேடிக்கொள்ள விடுவர். குறித்த இடைவெளியில் வலையிட்டு, தாடை புடைத்த ஆண் மீனை மென்மையாகப் பிடித்து வாயைத் திறந்து குஞ்சுகளை வெளியே எடுப்பர். அப்போது குஞ்சுகளின் வயிற்றில் மஞ்சட்கருப் பை ஒட்டியிருக்கும். அது கரையும் வரை கண்ணாடித் தொட்டியில் வைத்துக் காத்து, பின்னர் புழுக்களையும் சிறுமீன்களையும் ஊட்டுவர். ஒன்றையொன்று தாக்கும் இயல்பினவாதலால் வளர்ந்த குஞ்சுகளைத் தனித்தனியே பிரிப்பதும் உண்டு.

விற்பனைக்கு முன், அரிசிமணி அளவுள்ள நுண்சில்லு ஒன்று மீனின் தசையில் செலுத்தப்படும். அதன் எண்ணும் மீனுடன் தரப்படும் சான்றிதழின் எண்ணும் ஒத்திருக்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

தமிழில் ‘பண்ணை மீன்’ என்னும் தொடர் இருபொருள் தருவது. ஆற்றில் பிடித்த குஞ்சைக் குளத்தில் வளர்த்தாலும் அது பண்ணை மீனே. குளத்திலேயே பிறந்ததும் பண்ணை மீனே. சட்டமோ இவ்விரண்டிற்கும் இடையே தெளிவான கோடு கிழிக்கிறது. ஆகவே ‘பண்ணையில் வளர்ந்த மீன்’ என்றும் ‘பண்ணையில் பிறந்த மீன்’ என்றும் வேறுபடுத்தி எழுதுதல் நன்று. அவ்வாறே, சிங்கப்பூர்த் தமிழில் டிராகனைக் ‘கடல்நாகம்’ என்பதுண்டு. அச்சொல்லை இம்மீனுக்கு ஏற்றினால், நன்னீர் மீனைக் கடல்மீன் என மாணவர் மயங்கக்கூடும். கெலிசா அல்லது அரோவானா என்பதே பொருத்தம்.

எஞ்சும் வினா

பண்ணைகள் பெருகியதால் கெலிசா காப்பாற்றப்பட்டதா? வாங்குவோருக்குச் சட்டப்படியான மீன் கிடைக்கிறது. அவ்வளவில் ஆற்று மீனைத் தேடும் தேவை குறைகிறது. பலருக்கு வாழ்வாதாரமும் அமைகிறது. இவை உண்மையான பயன்கள். ஆனால் சந்தை விரும்பும் நிறத்திற்காகத் தேர்ந்தெடுத்தும் வெவ்வேறு வட்டார வகைகளைக் கலந்தும் ஈனப்பட்ட மீன்களை ஆற்றில் விட்டால், அவ்வாற்றுக்கே உரிய மரபுத் தூய்மை குலையும். வாழிடம் அழிந்திருப்பின் விட்ட மீன் நிலைக்கவும் செய்யாது. தொட்டியில் ஆயிரக்கணக்கில் இருக்கும் மீன், தன் ஆற்றில் இல்லாதிருத்தலும் கூடும்.

‘அழிந்துவரும் உயிரினம்’ என்னும் பாடத்தை நடத்தும் ஆசிரியர்க்குப் புலியினும் யானையினும் அணுக்கமான சான்று கெலிசா. கடைத்தொட்டியில் அதனைக் கண்டிருக்கும் மாணவரிடம், ‘இம்மீன் எங்கே பிறந்தது, இதன் மூதாதையர் வாழ்ந்த நீர்நிலை இன்று எந்நிலையில் உள்ளது?’ என்னும் இரு வினாக்களை எழுப்பலாம். முதல் வினாவிற்குச் சான்றிதழ் விடை தரும். இரண்டாவதற்கு விடை தேட, மாணவர் ஆற்றையும் காட்டையும் பற்றிப் படிக்க வேண்டும்.