மெர்ஜைத் திரும்பப் பெறும் முறை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிப் பில்லட் வார்க்கும் ஆலைகள் பல உண்டு. இரும்பு ஏற்றி வரும் லாரி எடைமேடையில் ஒருமுறை ஏறும்; இறக்கிய பின் காலியாக மறுமுறை ஏறும். அப்படியோர் ஆலையின் எடைச்சீட்டு நிரலைச் சிலர் பொதுவான கிட் களஞ்சியத்தில் பராமரிப்பதாகக் கொள்வோம். நிகர எடையைப் பத்துப் பத்துக் கிலோவாகக் கணக்கிட வேண்டிய நிரலில், நூறு நூறாக முழுமையாக்கும் கிளையொன்று மெயினுடன் மெர்ஜ் ஆகிவிட்டது. லோடு எடை 27,460 கிலோ, காலி எடை 9,120. சீட்டில் 18,340 வர வேண்டிய இடத்தில் 18,300 அச்சாகிறது.

முதல் வேலை, எடைமேடைக் கணினியில் முந்தைய பதிப்பை ஏற்றுவது. வாசலில் லாரிகளை நிறுத்திவைத்துக்கொண்டு களஞ்சியத்தை ஆராயக் கூடாது. மெயினில் எவரும் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம் என்று குழுவுக்கும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

பிறகு 'கிட் புல்' கொடுத்து மெயினைப் புதுப்பித்து, 'கிட் லாக் --ஃபர்ஸ்ட்-பேரன்ட்' பார்க்க வேண்டும். கிளைகளின் உள் கமிட்டுகள் குறுக்கிடாமல் மெயினின் வரிசை மட்டும் தெரியும். பழுதான மெர்ஜ் கமிட்டின் 40 எழுத்து அடையாளத்தில் முதல் 7 பெரும்பாலும் போதும். அதற்கு 'கிட் ஷோ' கொடுத்தால், 'மெர்ஜ்' என்ற வரியில் இரண்டு பெற்றோர் கமிட்டுகள் அடுத்தடுத்து நிற்கும். வழக்கமாக முதலாவது மெயின், இரண்டாவது கிளை. மெயினைக் கிளைக்குள் மெர்ஜ் செய்து அதையே மெயினாகத் தள்ளியிருந்தால் வரிசை தலைகீழாகும். ஆகவே இந்த வரியைப் பாராமல் மேலே செல்லக் கூடாது.

'ரீசெட்' செய்து 'ஃபோர்ஸ் புஷ்' கொடுப்பது தனியாள் களஞ்சியத்துக்குச் சரி. இங்கே பிறர் கணினிகளில் பழைய வரலாறு இருக்கிறது. அடுத்த புஷ்ஷில் அது திரும்பி வந்துவிடும்.

புதிய கிளையொன்றைத் தொடங்கி, 'கிட் ரிவர்ட் -எம் 1' என்பதோடு அந்த 7 எழுத்தையும் இட வேண்டும். முதல் பெற்றோரின் நிலையை வைத்துக்கொள் என்பதே அந்த 1-இன் பொருள். மெர்ஜ் அழிவதில்லை, அதன் மாற்றங்களை எதிர்த்திசையில் செய்யும் புதிய கமிட் ஒன்று மேலே அமர்கிறது. பின்னர் வந்த கமிட்டுகள் அதே வரிகளைத் தொட்டிருந்தால் மோதல் எழும். கோப்பைத் திருத்தி, 'கிட் ஆட்' செய்து, 'கிட் ரிவர்ட் --கன்டினியூ' கொடுத்தால் வேலை தொடரும்.

அடுத்தது சரிபார்ப்பு. இடையில் வேறெதுவும் சேரவில்லையெனில், முதல் பெற்றோருக்கும் இப்போதைய நிலைக்கும் இடையே 'கிட் டிஃப்' எதையும் காட்டக் கூடாது. அந்த வெற்றுத் திரையைவிடத் தெளிவான சான்று வேறில்லை. அதே இரண்டு எடைகளைக் கொடுத்து 18,340 வருவதையும் பார்த்துவிட்டு, மற்றொருவர் பார்வைக்குப் பின் மெயினில் சேர்க்கலாம்.

பலர் சறுக்குவது இதற்கும் பிறகுதான். கிளையைத் திருத்தி மீண்டும் மெர்ஜ் செய்தால் புதிய திருத்தம் மட்டுமே வரும். பழைய கமிட்டுகள் வாரா. அவை ஏற்கெனவே இணைந்தவை என்று வரலாறு சொல்வதால் கிட் அவற்றைத் தொடுவதில்லை. லினஸ் டோர்வால்ட்ஸும் ஜூனியோ ஹமானோவும் 2008 டிசம்பரில் எழுதிய விளக்கம் இன்றும் கிட்டின் ஆவணங்களில் உள்ளது: முதலில் அந்த ரிவர்ட் கமிட்டையே ரிவர்ட் செய்துவிட்டுத் திருத்திய கிளையை மெர்ஜ் செய்ய வேண்டும். இந்த இரண்டாம் ரிவர்ட் சாதாரணக் கமிட்டின் மீது நடப்பதால் '-எம்' தேவையில்லை.