மாதிரிப் புகைவண்டிக்கு ஏற்ற சரக்கு

மாதிரிப் புகைவண்டியில் சிறிய மோட்டார் கார்களைச் சரக்காக ஏற்றி ஓட்டுதல் இனிய பொழுதுபோக்காகும். ஆயினும், கைக்குக் கிடைத்த பொம்மைகளையெல்லாம் ஏற்றினால் வண்டி வளைவில் கவிழ்ந்துவிடும். இதற்குக் காரணம் யாது?

‘மேட்ச்பாக்ஸ்’ போன்ற பொம்மைக் கார்களுள் பல, துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. பாரமான பொருள் பெட்டியின் மேலே அமரும்போது, அதன் புவியீர்ப்பு மையமும் உயர்கின்றது. ஆதலால் வளைவில் பெட்டி நிலைதடுமாறுகின்றது. ஏற்றத்தில் எஞ்சினும் இழுக்க இயலாமல் திணறுகின்றது.

அளவும் பொருந்த வேண்டும். ‘எச்.ஓ.’ வகை மாதிரிகள் உண்மைப் பொருளின் 87இல் ஒரு பங்காகும். 4 மீட்டர் நீளமுள்ள கார் அவ்வகையில் ஏறத்தாழ 46 மில்லிமீட்டர் இருக்கும். 64இல் ஒரு பங்காகச் செய்யப்பட்ட பொம்மையோ 62 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும்.

ஜெர்மனியின் ‘வீக்கிங்’, ‘ஹெர்பா’ நிறுவனங்கள் சரியான அளவில் பிளாஸ்டிக் கார்களைச் செய்துள்ளன. அவற்றை வாங்க இயலாதோர், அடிக்கோலுடன் கடைக்குச் சென்று, 46 மில்லிமீட்டர் அளவுள்ள மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைத் தேடலாம்.

அதுவும் கிடைக்கவில்லையா? பழைய அட்டையைக் கார் வடிவில் மடித்து ஒட்டுங்கள். மெல்லிய துணியால் போர்த்தி நூலால் கட்டுங்கள். தார்ப்பாய் மூடிய சரக்கைப் போலவே தோன்றும்! பெட்டி மிக இலேசானால் தடம் புரளக்கூடும். அப்போது பாரத்தை மேலே வைக்காமல் அடித்தளத்தில் ஒட்டுக.

விலையுயர்ந்த பொம்மை இல்லையே என வருந்த வேண்டா. அளந்தறியும் பழக்கமும் பொறுமையும் இருப்பின், வீசியெறியும் அட்டையும் நல்ல சரக்காகும்.