வீணாகும் வெப்பத்திலிருந்து விளையும் மின்சாரம்

திண்ம ஒட்சைட்டு எரிபொருட் கலங்கள் உணர்த்தும் சிக்கனம்

குளிர்தேசங்களில் வாழும் எமது குடும்பங்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இரண்டு கட்டணப் பட்டியல்களைக் கண்டு கலங்குகின்றன. ஒன்று மின்சாரத்துக்கானது, மற்றையது வெப்பமூட்டலுக்கானது. இவ்விரண்டும் தொடர்பற்றவை என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் எரிபொருளைக் கொண்டு மின்சாரம் ஆக்கப்படும் இடத்திலேயே வெப்பமும் பெருமளவில் பிறக்கின்றது. மரபுவழி அனல் மின்நிலையமொன்றில் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு, குளிர்விக்கும் கோபுரங்கள் வழியாகவும் ஆற்றுநீர் வழியாகவும் எவருக்கும் பயனின்றி வெளியேறுகின்றது. இந்த இழப்பைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றே திண்ம ஒட்சைட்டு எரிபொருட் கலம் ஆகும்.

சுவாலையில்லா அடுப்பு

இக்கலத்தில் எரிபொருள் சுவாலையாக எரிவதில்லை. சேர்க்கோனியா எனப்படும் மட்பாண்ட வகைப் பொருளாலான மெல்லிய சுவரொன்றின் ஒருபுறம் காற்றும், மறுபுறம் எரிவாயுவும் செலுத்தப்படுகின்றன. காற்றிலுள்ள ஒட்சிசன் இலத்திரன்களைப் பெற்று அயன்களாகிச் சுவரினூடே ஊடுருவி எரிவாயுவுடன் சேர்கின்றது. அப்போது விடுபடும் இலத்திரன்கள் வெளிக்கம்பி வழியே ஓடுவதே மின்னோட்டமாகும்.

சேர்க்கோனியா சூடேறினால் மின்னைக் கடத்தும் என்பதை ஜேர்மனிய அறிஞர் வால்தர் நேர்ன்ஸ்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்தார். அதனைக் கொண்டு முதலாவது கலத்தை 1937இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் எமில் பௌரும் ஹான்ஸ் பிறைசும் இயக்கிக் காட்டினர். அக்கலத்துக்கு ஏறத்தாழ 1,000 பாகை செல்சியஸ் சூடு வேண்டியிருந்தது. இன்றைய கலங்களும் 600 முதல் 1,000 பாகை வரையிலேயே இயங்குகின்றன.

படிப்படியாய் இறங்கும் வெப்பம்

இக்கடுஞ்சூடு கலத்தின் குறையென்று தோன்றலாம். உண்மையில் அதன் செல்வமே அதுதான். 80 பாகையளவில் இயங்கும் வேறுவகை எரிபொருட் கலங்களின் கழிவு வெப்பத்தால் நீரைச் சுடவைப்பதற்கு மேல் அதிகம் செய்தல் அரிது. 900 பாகை வெப்பமோ இன்னுமொரு பொறியைச் சுழற்ற வல்லது. வெப்பத்தின் அளவு மட்டுமன்றி அதன் தரமும் கருதப்படவேண்டும் என்பதே இதன் பொருள். ஊரிலே சோறு வடித்தபின் அடுப்பின் தணலிற் கருவாடு சுட்டு, எஞ்சிய சூட்டில் வெந்நீர் வைத்த எமது தாய்மாருக்கு இக்கொள்கை புதியதன்று.

கலத்திலும் அவ்வாறே நிகழ்கின்றது. வெப்பத்தின் ஒரு பகுதி, இயற்கை வாயுவை ஐதரசனும் காபனோரொட்சைட்டுமாகப் பிரிப்பதற்குக் கலத்தினுள்ளேயே செலவாகின்றது. கலத்தில் எஞ்சும் எரிவாயு வெளியே எரிக்கப்பட, அச்சூடான வாயு அமுக்கத்தோடு சென்று வாயுச் சுழலியைச் சுழற்றி மேலும் மின்சாரம் தருகின்றது. சுழலியை விட்டு வெளிவரும் வாயு, உட்புகும் காற்றை முன்கூட்டியே சூடாக்குகின்றது. இறுதியில் எஞ்சுவது நீராவியாகவோ வெந்நீராகவோ கட்டடங்களுக்குச் செல்கின்றது.

சோதித்தறிந்த உண்மை

நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகருக்கு அருகிலுள்ள வெஸ்டர்வூர்ட்டில் 1997ஆம் ஆண்டின் இறுதியில் சீமென்ஸ் வெஸ்ரிங்ஹவுஸ் குழாய்க் கலத் தொகுதியொன்று இயங்கத் தொடங்கியது. அது ஏறத்தாழ 109 கிலோவாற்று மின்சாரத்தை மின்வலையமைப்புக்கும், 64 கிலோவாற்று வெப்பத்தை வெந்நீராக அயலவருக்கும் வழங்கியது. 16,000 மணித்தியாலங்களுக்கு மேல் இயங்கிய அதன் மின்னாக்கத் திறன் 46 வீதமாகும்.

அதே நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இர்வின் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், அதே வகைக் கலங்களுடன் வாயுச் சுழலியையும் இணைத்து 220 கிலோவாற்றுத் தொகுதியொன்றை நிறுவியது. திறன் ஏறத்தாழ 53 வீதமாக உயர்ந்தது. எனினும் ஏறக்குறைய 3,000 மணித்தியாலங்களே அது இயங்கியது. யப்பானிய நிறுவனமான மிற்சுபிசி இம்முயற்சியைத் தொடர்ந்தது. அதன் 250 கிலோவாற்று இணைப்புத் தொகுதி 2015இல் கியூசு பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது.

யப்பானிய இல்லங்களுக்கென 2012இல் விற்பனைக்கு வந்த சிறிய கலமொன்று 700 வாற்று மின்சாரம் தருவதோடு, வெளியேறும் சூட்டைக் கொண்டு 90 லீற்றர் தாங்கியில் நீரையும் சுடவைக்கின்றது. மின்சாரமும் வெப்பமும் சேர, எரிவாயுவின் ஆற்றலில் ஏறத்தாழ 90 வீதம் பயனாகின்றது.

இத்துறையில் தமிழகத்தின் திருச்சியிற் பொறியியல் பயின்ற கே. ஆர். சிறீதரின் பெயரும் குறிப்பிடத்தக்கது. செவ்வாய்க் கோளில் ஒட்சிசன் ஆக்கும் கருவிக்கான ஆய்விலிருந்து பிறந்த அறிவைக் கொண்டு, பின்னர் புளூம் எனர்ஜி எனப் பெயர்பெற்ற நிறுவனத்தை அவர் 2001இல் அமெரிக்காவில் தொடங்கினார். நெடுங்காலம் மின்சாரத்துக்காக மட்டுமே விற்கப்பட்ட அதன் கலங்களிலிருந்து, அண்மைய ஆண்டுகளில் வெப்பத்தையும் மீட்கும் ஏற்பாடுகள் செய்யப்பட்டு வருகின்றன.

தடைகள் யாவை?

இத்துணைச் சிறப்புடைய கலம் ஏன் வீடுதோறும் வரவில்லை? விலை அதிகம் என்பது முதற் காரணம். மட்பாண்டச் சுவர் அடிக்கடி சூடேறியும் குளிர்ந்தும் வருமாயின் வெடிப்புறும். ஆகவே கலத்தை இடைவிடாது இயக்கவேண்டும். இயற்கை வாயுவை ஊட்டும் வரையில் காபனீரொட்சைட்டும் வெளியேறவே செய்யும்.

மற்றொரு தடையைப் பொறியியலாளர் மட்டும் நீக்கிவிட முடியாது. மின்சாரத்தைக் கம்பியில் ஏற்றி நெடுந்தூரம் அனுப்பலாம். வெப்பத்தை அவ்வாறு அனுப்பினால் அது வழியிலேயே தணிந்துவிடும். எனவே வெப்பம் வேண்டுவோர் வாழும் இடத்துக்கு அருகிலேயே மின்சாரம் ஆக்கப்படவேண்டும். தொடர்மாடி வீடுகளும் மருத்துவமனைகளும் பாடசாலைகளும் ஒரே வெந்நீர்க் குழாய் வலையில் இணைக்கப்படும் நகரங்களில் இது எளிது. தனித்தனிக் கொதிகலன்கள் உள்ள இடங்களில் கடினம். இது நகரசபைகளும் வீட்டு உரிமையாளரும் எடுக்கவேண்டிய முடிவாகும். வாடகைக் குடியிருப்பாளர் கூட்டங்களில் வெப்பமூட்டல் பற்றிய பேச்சு எழும்போது, வெப்பம் எங்கிருந்து வருகின்றது, எங்கே வீணாகின்றது என்று கேட்கும் உரிமை அங்கு வாழும் எமக்கும் உண்டு. பதிலை அறிந்து கேட்பவரின் கேள்விக்கு மதிப்பும் அதிகம்.