மின்சாரத்தின் விலையும் குடியானவர்களும்

கிணற்றுப் பாசனம் செய்யும் நம் குடியானவர்களுக்கு, முற்காலத்துக் கமலையும் ஏற்றமும் போய், மின்சாரப் பம்பே இன்று உற்ற துணையாக இருந்து வருகிறது. 1932-ல் பைகாராவிலும், 1937-ல் மேட்டூரிலும், 1944-ல் பாபநாசத்திலும் நீரின் வேகத்தால் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கியதே இதற்கு அடிப்படையாகும். இப்பொழுது தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பம்புகள் மின்சாரத்தால் இயங்குகின்றன. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் கட்டணமின்றிக் கொடுக்கப்பட்டது. ஆயினும், கட்டணம் இல்லையென்பதால் விலையும் இல்லையென்று கருதலாகாது. அவ்விலையை நிர்ணயிப்போர் யார், செலுத்துவோர் யார், அதில் குடியானவர்களுக்குள்ள உரிமை யாது என்பவற்றை இங்கே விளக்குவோம்.

அடக்க விலை

நீர், நிலக்கரி, காற்று, சூரிய வெப்பம், இயற்கை வாயு ஆகிய பலவற்றிலிருந்தும் மின்சாரம் கிடைக்கிறது. காவிரிப் பாசனப் பகுதியிலும் இராமநாதபுரம் ஜில்லாவிலும் பூமிக்கடியில் கிடைக்கும் வாயுவை எரிப்பதற்கென்றே கோவில்களப்பால், குத்தாலம், வழுதூர் ஆகிய இடங்களில் மின் நிலையங்கள் அமைக்கப்பட்டன. பழைய வயல்களில் கிடைக்கும் வாயுவின் விலையை மத்திய சர்க்கார் நிர்ணயிக்கிறது. 2023 ஏப்ரல் முதல், இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலையில் நூற்றுக்குப் பத்து என்ற கணக்கில், உச்ச வரம்புக்கு உட்பட்டு, இது மாதந்தோறும் அறிவிக்கப்படுகிறது. ஆகவே, வாயு நம் நிலத்தடியிலேயே கிடைப்பினும், அதன் விலை உலகச் சந்தையைப் பொறுத்தே ஏறி இறங்கும். புதிதாக எண்ணெயும் வாயுவும் தேடி எடுப்பதைக் காவிரிப் பகுதியில் 2020-ம் வருஷத்துச் சட்டம் தடை செய்தது. முன்னரே நடந்து வந்த வேலைகளை அது தடுக்கவில்லை.

கமிஷன்

எரிபொருட் செலவு, கம்பிச் செலவு, சம்பளம், வட்டி யாவும் சேர்ந்ததே மின்சாரத்தின் அடக்க விலை. இவற்றைப் பரிசோதித்துக் கட்டணத்தை நிர்ணயிப்பது, 1999-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமாகும். 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி, எவருக்கேனும் கட்டணச் சலுகை அளிக்க சர்க்கார் விரும்பினால், அத்தொகையை மின் வாரியத்துக்கு முன்கூட்டியே செலுத்த வேண்டும். விவசாயத்துக்குரிய தொகை, மீட்டர் இல்லாத இணைப்புகளில் குதிரைச் சக்தி ஒன்றுக்கு வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று வகுக்கப்பட்டுள்ளது. அது பொதுப் பணத்திலிருந்து செல்லுகிறது.

அளவில்லாததன் தீங்கு

ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று, ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரம் கொள்ளும். ஆனால் நாள்தோறும் எத்தனை மணி நேரம் அது ஓடிற்று என்பதை மீட்டரின்றி அறிய முடியாது. ஆதலால் விவசாயத்தில் செலவாகும் மின்சாரம் உத்தேசமாகவே கணக்கிடப்படுகிறது. கம்பியில் வீணாவதும், திருட்டில் போவதும்கூட இவ்வுத்தேசத்தில் கலந்துவிட இடமுண்டு. அப்பொழுது, தாம் செலவிடாத மின்சாரத்துக்கும் குடியானவர்களே பழி சுமக்க நேரிடும்.

மீட்டர் வைத்தால் சலுகை போய்விடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் இயல்பே. எனினும், மீட்டர் அளக்குமேயன்றிப் பணம் கேளாது. சலுகையைத் தருவதும் நிறுத்துவதும் சர்க்காரின் முடிவு. டிரான்ஸ்பார்மரில் மீட்டர் வைத்துப் பல பம்புகளின் செலவை ஒருங்கே அளப்பது, இவ்வச்சத்தைப் பெரிதும் குறைக்கக்கூடிய வழியாகும். எவ்வாறாயினும், மெய்யான கணக்கு இருப்பது குடியானவர்களுக்கே அனுகூலம்.

செய்ய வேண்டுவன

1. கட்டண மாற்றம் கோரும் மனு பிரசுரிக்கப்பட்டதும், ஆட்சேபங்களையும் யோசனைகளையும் கமிஷனுக்கு எழுத்து மூலம் அனுப்ப எவருக்கும் உரிமையுண்டு. 2022-ல் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய இடங்களில் பகிரங்க விசாரணைகள் நடைபெற்றன. அத்தகைய விசாரணைக்குக் கிராமத்தார் தம்மில் ஒருவரையேனும் அனுப்புதல் நலம்.

2. குறைகள் மின் வாரிய அதிகாரிகளால் தீராவிடின், நுகர்வோர் குறை தீர்க்கும் மன்றத்திலும், அதன் தீர்ப்பு திருப்தியளிக்காவிடின் மின் குறை தீர்ப்பாளரிடமும் முறையிடலாம்.

3. புதிய இணைப்பு கோருவோருக்கு, நிலமும் கிணறும் பற்றிய சான்றைக் கிராம நிர்வாக அதிகாரிகள் நன்கு பார்வையிட்டுக் காலதாமதமின்றி வழங்க வேண்டும்.

4. அடி வால்வில் அடைப்பும், குழாயில் தேவையற்ற வளைவும் இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கிணற்றின் ஆழத்துக்கும் நீர் ஊற்றுக்கும் ஏற்ற மோட்டாரையே வைக்க வேண்டும்.

மின்சாரம் கட்டணமின்றி வரினும், கிணற்று நீர் அளவின்றி வருவதன்று. பம்பை வீணே ஓடவிட்டால் பொதுப் பணத்தோடு நிலத்தடி நீரும் போகும். பணத்தைப் பின்னர் ஈட்டலாம். வற்றிய கிணற்றில் ஊற்றைத் திரும்பக் காண்பது எளிதன்று.