முஹர்ரம்: பண்டிகையா, துக்கமா, நோன்பா?

முஹர்ரம் பிறை பத்தாம் நாள் அரசு விடுமுறை நாள். அன்று பிற சமய நண்பர்கள் நம்மைக் கண்டதும் 'மொகரம் வாழ்த்து' கூறுகின்றனர். சிலர் அதனை இஸ்லாமியப் புத்தாண்டு என எண்ணுகின்றனர். சிலர் உரிமையோடு பிரியாணி எங்கே என்று கேட்கின்றனர். மறுநாள் நாளேட்டில் மார்பில் குருதி வழிய ஊர்வலம் செல்வோரின் படத்தைப் பார்த்துவிட்டு, நீங்களும் இவ்வாறு செய்வதுண்டா என்று தயங்கித் தயங்கி வினவுவோரும் உளர். இக்கேள்விகளைவிட, இவற்றுக்கு விடை கூற முற்படும் நம்மவர் பலர் தடுமாறி நிற்பதே நமக்குக் கவலை தருகிறது. ஏனெனில் இந்நாளைப் பற்றி நம் இல்லங்களிலும் தெளிவைவிடக் குழப்பமே மிகுந்திருக்கிறது.

புத்தாண்டைப் பற்றிச் சுருக்கமாகக் கூறிவிடலாம். ஆண்டின் முதல் நாள் முஹர்ரம் முதற் பிறை. விடுமுறை விடப்படுவதோ பத்தாம் பிறையில். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனா சென்ற நாளே முஹர்ரம் முதல் நாள் என்று மேடைகளில் பேசப்படுவதையும் கேட்கிறோம். அதுவும் சரியன்று. அப்பயணம் நிகழ்ந்தது ரபீஉல் அவ்வல் மாதத்தில், கி.பி. 622 செப்டம்பரில். ஆண்டுக் கணக்கை ஹிஜ்ரத்திலிருந்து தொடங்குவதென உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில், ஹிஜ்ரி 17 அளவில், தோழர்களுடன் கலந்து முடிவு செய்தார்கள். ஆனால் மாதங்களின் வரிசையை அவர்கள் மாற்றவில்லை. ஹஜ்ஜை முடித்து மக்கள் ஊர் திரும்பும் காலம் என்பதால் முஹர்ரமே முதல் மாதமாகக் கொள்ளப்பட்டது. அந்நாளை விழாவாகக் கொண்டாடும் வழக்கம் அவர்களிடம் இருந்ததில்லை.

இனிப் பத்தாம் நாளுக்கு வருவோம். 'ஆஷூரா' என்னும் சொல் பத்து என்னும் எண்ணைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பிறந்தது. இந்நாளின் சிறப்பு கர்பலாவிலிருந்து தொடங்கியது என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். உண்மையில் ஆஷூரா நோன்பு கர்பலாவுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக முந்தியது. அறியாமைக் காலத்துக் குறைஷியர் அந்நாளில் நோன்பு நோற்றனர் என்றும், கஅபாவுக்குப் புதுத் திரை போர்த்தப்பட்டதும் அந்நாளில்தான் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக அறிகிறோம். மதீனாவில் யூதர்கள் அந்நாளில் நோன்பிருப்பதைக் கண்ட நபியவர்கள் காரணம் வினவ, மூஸா (அலை) அவர்களும் இஸ்ரவேலரும் ஃபிர்அவ்னிடமிருந்து காக்கப்பட்ட நாள் அது என்று விடை வந்தது. மூஸாவுக்கு நெருக்கமானவர்கள் நாமே என்று கூறி, நபியவர்கள் தாமும் நோற்று, பிறரையும் நோற்கச் செய்தார்கள். ஹிஜ்ரி 2-இல் ரமளான் நோன்பு கடமையான பின்னர் ஆஷூரா நோன்பு விரும்பியோர் நோற்கும் சுன்னத்தாயிற்று. தம் இறுதிக் காலத்தில், அடுத்த ஆண்டு ஒன்பதாம் நாளிலும் நோற்க நாடினார்கள். அவ்வாண்டு வருமுன் மறைந்தார்கள். நாம் ஒன்பதும் பத்தும் சேர்த்து நோற்பது இதனால்தான்.

மூஸா (அலை) அவர்களின் மீட்சி உறுதியான நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. ஆனால் நம் ஊர்ப் பயான்களில் பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆதமின் தவ்பா ஏற்கப்பட்டது, நூஹின் கப்பல் தரை தட்டியது, இப்ராஹீம் நெருப்பிலிருந்து மீண்டது, யூனுஸ் மீன் வயிற்றிலிருந்து வெளிப்பட்டது, அனைத்தும் இதே பத்தாம் நாளில் என்பர். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நிலையான ஆதாரமில்லை. ஒரு நாளுக்குச் சிறப்புண்டு என்று தெரிந்துவிட்டால், தெரிந்த சிறப்புகளையெல்லாம் அதன் தலையில் ஏற்றிவைப்பது மனித இயல்பு போலும்.

இதைவிட ஆழ்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஹிஜ்ரி 61, முஹர்ரம் 10 (கி.பி. 680 அக்டோபர் 10) அன்று கர்பலாவில் நபியவர்களின் பேரர் ஹுஸைன் (ரலி) அவர்களும், அவர்தம் குடும்பத்தாரும் தோழர்களுமாக எழுபதுக்கும் மேற்பட்டோரும் கொல்லப்பட்டனர். அதன்பின் அந்நாள் இரு திசைகளில் இழுக்கப்பட்டது. ஒருபுறம் துக்கம் வளர்ந்து வடிவம் கொண்டது. ஹிஜ்ரி 352-இல் (கி.பி. 963) பக்தாதில் புவைஹிய ஆட்சியாளர் முஇஸ்ஸுத் தவ்லா கடைகளை அடைக்கச் செய்து, பொது வீதியில் துக்கம் காக்க ஆணையிட்டார். மறுபுறம் அஹ்லுல் பைத்தின் மீது பகைமை கொண்ட ஷாமியர் சிலர், அதே நாளில் குளித்து, மணம் பூசி, நல்லுடை அணிந்து, விருந்து சமைத்து மகிழ்ந்தனர் என்று இப்னு கஸீர் எழுதுகிறார். ஆஷூரா அன்று சுர்மா இடுவதன் சிறப்பைக் கூறும் செய்தியை இப்னுல் ஜவ்ஸி இட்டுக்கட்டப்பட்டவற்றுள் ஒன்றாகவே சேர்த்திருக்கிறார். அன்று குடும்பத்தாருக்குத் தாராளமாகச் செலவிடுவது பற்றிய அறிவிப்பில் மட்டும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இப்னு தைமிய்யா அதனை மறுத்தார். பல வழிகளில் வருவதால் ஒன்றையொன்று வலுப்படுத்தும் என்பது பைஹகீயின் கருத்து. பாயசமும் சோறும் ஆக்கிப் பகிர்வோரைக் கடிந்துரைக்க நாம் முனையவில்லை. எனினும் அப்பானைக்குப் பின்னால் இப்படியொரு வரலாறு உண்டு என்பதை அறிந்திருத்தல் நலம்.

நாளேட்டுப் படத்திற்கு வருவோம். தமிழ்நாட்டு முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளைச் சார்ந்த சுன்னத் வல் ஜமாஅத்தினர். அவர்களிடம் உடலை வருத்தும் துக்க ஊர்வலம் இல்லை. ஷியா சகோதரர்களிடம் துக்கம் ஒரு வணக்கமாகவே பேணப்படுகிறது. சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் பெயரே முஹர்ரம் மஜ்லிஸுக்காக அங்கிருந்த மண்டபத்தில் ஏற்றப்பட்ட விளக்குகளால் வந்தது என்பர். ஆனால் கத்தியால் கீறிக் குருதி சிந்துவதை ஷியா மார்க்க அறிஞர்கள் எல்லாரும் ஏற்கவில்லை. ஈரானின் ஆயத்துல்லாஹ் அலீ காமனெயீ 1994-இல் அதனைக் கூடாது என அறிவித்தார். ஆகவே அப்படத்தை இஸ்லாத்தின் படமாகக் கொள்வதும், ஷியாக்கள் அனைவரின் படமாகக் கொள்வதும் பிழையே. அதேபோல், துக்க ஊர்வலம் நடத்தாததால் சுன்னத் ஜமாஅத்தினர்க்கு ஹுஸைனார் மீது அன்பில்லை என்பதும் வீண்பழி. ஹஸன், ஹுஸைன் என்ற பெயர்கள் இல்லாத முஸ்லிம் ஊர் தமிழகத்தில் உண்டோ?

இத்தனை குழப்பத்துள் உண்மையில் சுமையாவது திருமண விலக்கே. முஹர்ரம் பத்துவரை, சில வீடுகளில் மாதம் முழுதும், நிக்காஹ் வைப்பதில்லை. அடுத்து வரும் ஸஃபர் பீடை மாதம் என்பர். அதன் இறுதிப் புதன் 'ஒடுக்கத்துப் புதன்'. அன்று பலாய் இறங்கும் என்று மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடிப்பதும், கடற்கரைக்குச் செல்வதும் வழக்கம். பேசி முடித்த பெண் வீட்டார் இவ்விரு மாதங்களும் கழியும்வரை காத்திருக்கின்றனர். வெளிநாட்டிலிருந்து குறுகிய விடுப்பில் வந்த மணமகன் அதற்குள் திரும்பிவிட்டால், அடுத்த விடுப்புவரை காத்திருப்பு. அதற்கிடையே இரு வீட்டாரின் மனமும் மாறிப்போவதுண்டு. சேதம் பெண்ணுக்கே.

இவ்விலக்குக்கு மார்க்கத்தில் இடமில்லை. குர்ஆன் புனிதமாக்கிய நான்கு மாதங்களுள் முஹர்ரம் ஒன்று. நபியவர்கள் அதனை அல்லாஹ்வின் மாதம் என்றே அழைத்தார்கள். ஸஃபரில் பீடை உண்டென்னும் எண்ணத்தையும் அவர்கள் மறுத்தார்கள். கணவனை இழந்தவள் தவிர வேறெவரும் மூன்று நாட்களுக்கு மேல் துக்கம் காத்தலை அனுமதிக்கவில்லை. ஆடியில் மணம் செய்யாத மண்ணின் பழக்கமும், தக்காணத்திலிருந்து வந்த துக்க மரபும் கலந்து நம்மிடம் இவ்வடிவம் கொண்டன என்றே கருதுகிறோம். அக்கால அரபியரும் ஷவ்வாலில் மணம் செய்வதைத் தீக்குறியாகக் கருதினர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோ தம் நிக்காஹ் நிகழ்ந்ததும் தாம் கணவர் இல்லம் புகுந்ததும் ஷவ்வாலில்தான் என்று எடுத்துக் கூறி, தம் குடும்பப் பெண்களை அம்மாதத்திலேயே மணமுடித்து அனுப்ப விரும்பினார்கள். முஹர்ரமில் மகளுக்கு மணம் முடிக்கத் துணியும் தந்தைக்கு அக்கம்பக்கத்தாரிடம் சொல்ல இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இறுதியாகப் பஞ்சா. தஞ்சை மாவட்டத்துக் காசவளநாடு புதூரில் இந்துப் பெருமக்களே உள்ளங்கை வடிவை அலங்கரித்து ஊர்வலமாக எடுத்து, தீமிதித்து இந்நாளை அனுசரிக்கின்றனர். 'பஞ்சா' ஐந்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். ஐந்து விரல்களும் நபியவர்கள், அலீ, ஃபாத்திமா, ஹஸன், ஹுஸைன் ஆகியோரைச் சுட்டுவதாகக் கொள்வர். ஷியாக்களான கோல்கொண்டா குதுப் ஷாஹி மன்னர்கள் 1590-களில் ஹைதராபாதில் பாதுஷாஹி ஆஷூர்கானாவைக் கட்டி இத்தகைய சின்னங்களை நிறுத்தினர். தெலுங்குச் சிற்றூர்களில் அது 'பீர்ல பண்டுக' ஆயிற்று. தமிழகத்தில் 'அல்லாசாமி பண்டிகை' ஆயிற்று. இதனை இஸ்லாமிய வணக்கம் என்று நாம் ஏற்பதற்கில்லை. அவ்வூரார் அப்படி நம்மிடம் சான்று கேட்கவுமில்லை. அந்த ஊர்களில் முஹர்ரம் வாழ்த்துக் கூறுவோரிடம், இன்று எங்களுக்கு நோன்பு, மூஸா நபி மீண்ட நாள், ஹுஸைனார் வெட்டுண்ட நாளும் இதுவே என்று சொன்னால் போதும். பிரியாணிக்கு நோன்புப் பெருநாளன்று அழைத்துக்கொள்ளலாம்.