எலும்பு கூடுவது வேறு, பிடி திரும்புவது வேறு

நான் டாக்டர் அல்ல. டிப்ளமோ படித்து ரயில்வேயில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒர்க்‌ஷாப்பில் அடிபட்ட பலரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறேன். ஒருமுறை நானே போக நேர்ந்தது.

செயின் பிளாக்கில் தொங்கிய பாரம் நழுவி என் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். "நாளையே டியூட்டிக்குப் போகிறேன், சார்" என்றேன். டாக்டர் எக்ஸ்ரேயோடு நிற்கவில்லை. "எவ்வளவு எடை தூக்குவீர்கள்? ஏணி ஏறுவீர்களா?" என்று விசாரித்தார். ஏறுவேன் என்றதும் ஃபிட் சர்டிபிகேட் தர மறுத்துவிட்டார். மூன்று வாரம் ரப்பர் பந்தை அழுத்தும் பயிற்சி; பிறகும் சில நாள் மேஜை வேலை மட்டும் என்று எழுதிக் கொடுத்தார். அன்று எனக்குக் கோபம். வீட்டில் ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடியாமல் நழுவவிட்டபோதுதான் அவர் சொன்னது உறைத்தது.

ஆக, சிகிச்சை டாக்டரின் முதல் கடமை. எப்போது, எந்த வேலைக்குத் திரும்பலாம் என்று தீர்மானிப்பது இரண்டாவது. மூன்றாவதைப் பலர் அறிவதில்லை: காயத்தை எழுத்தில் பதிவு செய்வது.

மும்பையில் நமக்குத் தெரிந்த ஒரு கான்டிராக்ட் தொழிலாளிக்கு வேலையில் கட்டைவிரல் போயிற்று. அவருக்கு இந்தி சரளமில்லை. கூட வந்தவர் "கீழே விழுந்துவிட்டான்" என்று சொல்ல, சீட்டிலும் அப்படியே எழுதப்பட்டது. வேலையில் நேர்ந்தது என்ற வரி இல்லை. அந்தச் சீட்டோடு நஷ்டஈட்டுக்கு அலைந்து, வெறுங்கையோடு ஊர் திரும்பினார். 1923ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலில் கட்டைவிரல் இழப்புக்கு 30 சதவீத சம்பாத்திய இழப்பு என்று கணக்கிருந்தது. பட்டியலில் இல்லாத காயத்துக்கு டாக்டரின் மதிப்பீடுதான் ஆதாரம். 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே.

அரசுப் பணியில் இருப்போருக்கு ஒரு செய்தி. பணிக்காலத்தில் ஊனம் நேர்ந்தவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது. பழைய வேலை முடியாதென்றால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தரவேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதற்கும் டாக்டரின் சான்றிதழே அஸ்திவாரம்.

எனவே அன்பர்களே, அடிபட்டால் அன்றே டாக்டரைப் பாருங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலையில் அடிபட்டது என்று சொல்லி, எழுதியிருக்கிறாரா என்று படித்துப் பாருங்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். வலி இருந்தால் மறைக்காதீர்கள். இல்லாததைக் கூட்டியும் சொல்லாதீர்கள்.

புதிதாக ஊரிலிருந்து வந்த பையன் அடிபட்டான் என்று கேள்விப்பட்டால், இந்தி தெரிந்த நம்மில் ஒருவர் கூடப் போகலாமே. அரைநாள் லீவு போகும். அவனுக்கு ஆயுள் முழுவதும் உதவும்.